ஒற்றை விளக்கில் ஒரு முகம்

மாநிறமும் கறுப்புமான நம் முகங்களுக்கு இருட்டைப்போல் பொருந்தும் பின்னணி வேறில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில், உப்புக்காற்றில் இறுகிய ஒரு மீனவர் முகத்துக்கு நாலாபுறமும் விளக்கு வைத்தால் பாதிக் கதை அழிந்துவிடும். பக்கவாட்டில் ஒரே விளக்கு வையுங்கள். நெற்றிக்கோடு ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும்.

இருட்டே மேலோங்கும் இந்த ‘லோ கீ’ புகைப்படத்துக்குச் சின்ன அறை போதும். முகத்திலிருந்து 3 அடியில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே விளக்கு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். அதனால் விளக்கிலிருந்து 12 அடியிலுள்ள சுவருக்குப் போவது 16இல் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவரும் கருஞ்சாம்பலாகிவிடும். ஆட்டோ மோடில் விட்டால் கேமரா இருட்டைக் கண்டு பதறி முகத்தை வெளிறவைத்துவிடும். எக்ஸ்போஷரைக் கையால் குறைக்க வேண்டும்.

விளக்கைச் சற்று நகர்த்தினால் நிழல்பக்கக் கன்னத்தில் சிறு ஒளிமுக்கோணம் விழும். ஓவியர் ரெம்பிராண்ட் 17ஆம் நூற்றாண்டில் தீட்டிய முகங்களால் அதற்கு அவர் பெயரே நிலைத்தது. நம் கண்ணுக்கு இந்த இருட்டைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார்.

சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி விழாவுக்கு வரும் பரதக் கலைஞர்களை இப்படி எடுத்துப் பார்க்க வேண்டும். நெற்றிச்சுட்டியின் விளிம்பு, மூக்குத்திக் கல், மை தீட்டிய இமை மட்டும் மின்னும். கருவிழியில் விளக்கின் புள்ளி விழாவிட்டால் விளக்கை இறக்கி மறுபடி எடுங்கள்.