அக்னிவீரருக்கு லத்தியா, ஹோஸா?

2025 ஜூனில் உத்தரப் பிரதேச அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ராணுவத்தில் நான்காண்டு முடித்து வெளியே வரும் அக்னிவீரர்களுக்குக் காவலர், மாநில ஆயுதக் காவல்படை, குதிரைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு இடம். அதற்கு ஓராண்டு முன்பே ஹரியாணா, காவலர், சிறைக் காவலர் உள்ளிட்ட பணிகளில் 10 விழுக்காடு என்று அறிவித்திருந்தது. அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2022-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணிக்கு 2026 கடைசியில் நான்காண்டு நிறைகிறது. நால்வரில் ஒருவர்தான் படையில் நீடிக்க முடியும். மற்ற மூவருக்கும் கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் வரும், ஓய்வூதியம் கிடையாது.

யோசனை பழையது. கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழு, சிப்பாயின் பணிக்காலத்தை 17 ஆண்டிலிருந்து 7 முதல் 10 ஆண்டாகக் குறைத்து, அதன்பின் அவரைத் துணை ராணுவப் படைகளுக்கு அனுப்பலாம் என்றது. குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். அந்தப் பரிந்துரையில் இரண்டாவது வேலை முதல் வேலையின் தொடர்ச்சி. அக்னிபத் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. பணிக்காலம் இன்னும் சுருங்கியது. தொடர்ச்சி இருக்க வேண்டிய இடத்தில் விண்ணப்பம் போடும் சலுகை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் வயது விஷயத்தில் புதிய ஏற்பாடு முன்னாள் படைவீரர்களுக்கான பழைய ஒதுக்கீட்டைவிட மேல். தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் ஒரே தேர்வின் வழியாகத்தான் இரண்டாம் நிலைக் காவலரும் சிறைக் காவலரும் தீயணைப்பாளரும் வருகிறார்கள். அதில் முன்னாள் படைவீரர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு. படையில் பத்துப் பேரை வழிநடத்திய ஹவில்தார், நாற்பதை நெருங்கும் வயதில் கடைசிப் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். தன்னைவிடப் பத்து வயது இளைய எஸ்.ஐ.க்கு சல்யூட் வைக்க வேண்டும். ஓய்வூதியம் வருகிறவருக்கு வங்கி வாசலில் காவல் நிற்பதே கௌரவமாகத் தோன்றினால் குறை சொல்ல முடியாது. இருபதுகளில் வெளியே வரும் அக்னிவீரருக்கு இந்தச் சங்கடம் இல்லை.

காவல்துறைக்கு இவர் பொருந்துவாரா? எந்தப் பகுதிக்கு என்பதைப் பொறுத்தது. பட்டாலியனுக்கும் ஆயுதப்படைக்கும் தாராளமாகப் பொருந்துவார். அணிவகுப்பு, ஆயுதப் பராமரிப்பு, இரவுக் காவல், கூட்டாக இயங்குவது எல்லாம் பழகிய வேலை. லோக்கல் ஸ்டேஷன் அப்படியல்ல. நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது காவலருக்கு உத்தரவிட அதிகாரி யாரும் அருகில் இருக்கமாட்டார். அதட்டுவதா, சமாதானம் பேசுவதா, கூட்டிப் போவதா என்று அவரேதான் முடிவெடுக்க வேண்டும். எதிரே நிற்பவர் எதிரியும் அல்ல. கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படும் உரிமை உள்ள குடிமகன். நம் சட்டமே இந்த இரு வேலைகளையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க வேறு வழியில்லாதபோதுதான் நிர்வாக நடுவர் ராணுவத்தை அழைக்கலாம். வந்தவர்களும் இயன்றவரை குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சாத்தான்குளத்தில் 2020-இல் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்ததைப் படைப் பழக்கத்தின் தலையில் கட்ட முடியாது. அந்த நோய் காவல் நிலையத்துக்குள்ளேயே விளைந்தது. நான் அஞ்சுவது வேறு: கேள்வி கேட்காமல் கீழ்ப்படியப் பழகிய இளைஞர், அப்படியொரு நிலையத்தில் போய்ச் சேர்ந்தால் அங்குள்ள தவறுக்கும் அதே ஒழுங்கோடு கீழ்ப்படிவார்.

தீயணைப்புத் துறையின் கதை வேறு. நடுக்கடலில் கப்பல் தீப்பற்றினால் 101-ஐ அழைக்க முடியாது. அதனால் சமையற்காரர் உட்பட ஒவ்வொரு கடற்படை வீரரும் தீயணைக்கக் கற்றாக வேண்டும். மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு, புகை சூழ்ந்த குறுகிய அறைக்குள் தடவித் தடவி நடந்த பயிற்சி அவருக்கு உண்டு. 2024-இல் வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தைக் கட்டி முடித்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினர். வெள்ளத்தில் படகு இறக்கவும் இடிபாட்டுக்குள் வழி செய்யவும் இவர்களைவிடத் தேர்ந்த கைகள் நமக்கு எங்கே கிடைக்கும்? மலைப்பாதையில் கனரக லாரி ஓட்டிய ராணுவ ஓட்டுநர் தீயணைப்பு வண்டியை ஓட்டுவார். முதலுதவி தெரிந்த மருத்துவ உதவியாளர் விபத்து மீட்பில் ஓர் உயிரையாவது காப்பார்.

காலாட்படை வீரரிடம் இவை குறைவு. உடல் வலிமையும் துணிச்சலும் இருக்கும். துணிச்சலால் மட்டும் தீ அணையாது. புகையின் நிறத்தையும் வேகத்தையும் படிப்பது, கதவை எப்போது திறக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது, கட்டடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணிப்பது ஆகியவைதான் தொழில். 2017-இல் தியாகராய நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் ஒரு நாளைத் தாண்டி எரிந்து, ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது. அங்கே உள்ளே போகாமல் நிற்பதும் ஒரு முடிவு. முன்னேறு என்றே கேட்டுப் பழகியவருக்கு அதைப் புதிதாகத்தான் கற்பிக்க வேண்டும். பாம்பு பிடிக்கவும் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும் கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

ஆக, குறை படைவீரரிடம் இல்லை. ஒதுக்கீட்டின் வடிவத்தில் இருக்கிறது. அது ‘ராணுவத்தில் இருந்தாரா’ என்று பார்க்கிறது. ‘அங்கே என்ன செய்தார்’ என்று பார்ப்பதில்லை. காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் என்ன ஆள் தேவை என்பதிலிருந்து அது பிறக்கவும் இல்லை. ராணுவத்தை இளமையாக வைத்திருப்பதில் வந்த சிக்கலுக்கு மாநிலங்கள் தேடித் தரும் விடை அது.

தமிழ்நாடும் இப்படியொரு ஒதுக்கீட்டைக் கொண்டுவருமானால் எல்லாப் பணிக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டாம். கடற்படையினரையும் சாப்பர்களையும் ஓட்டுநர்களையும் தீயணைப்புத் துறைக்கு முன்னுரிமையோடு எடுக்கட்டும். காலாட்படையினர் பட்டாலியனுக்குப் போகட்டும். உடற்தகுதித் தேர்வில் விலக்குத் தரலாம். காவல் நிலையத்துக்கு வருகிறவருக்குச் சட்டப் பயிற்சியில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது.