அரைக் கிலோ ஸ்கோப்பும் மேகமலைக் காற்றும்

வரையாட்டைச் சுட்டால் சிறை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது, நம் மாநில விலங்கும்கூட. அதனால் வருசநாட்டு மலைத்தொடரில் வேட்டைக்கென்று ஸ்கோப் வாங்குகிறவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் ஆல்ப்ஸ் மலையிலும் ராக்கி மலையிலும் காட்டாட்டு வேட்டைக்காரர்கள் கேட்கிற அதே கேள்வி இங்கே வரையாட்டுக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. தூக்கிச் சுமக்கிற ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் எடையைக் குறைத்தால் காட்சியில் என்ன போகும், எவ்வளவு போகும்?

கேள்வி ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. தோட்டத் துரைமார் காலத்தில் வேட்டைக்காரன் தேடியது முதுகு வெளுத்த முதிர்ந்த கிடாயை. சுடுவதற்கு முன் எதிர்ச் சரிவில் நிற்பது கிடாயா, பெட்டையா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்றைக்குக் கணக்கெடுப்பவருக்கும் அதே தேவைதான். 2023 அக்டோபரில் தமிழக அரசு வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2024 ஏப்ரல் கடைசியில் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு அது 1,303 ஆனது. தலைகளை எண்ண நல்ல பைனாகுலர் போதும். கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று பிரிக்கும்போதுதான் சிக்கல். முதிர்ந்த கிடா கருத்த உடம்பும் வெள்ளிச் சேணம் போட்ட முதுகுமாகத் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். இளங்கிடாயும் பெட்டையும் தூரத்தில் ஒரே பழுப்புதான். கொம்பின் தடிமனையும் வளைவையும் பார்த்தால்தான் பிரிக்க முடியும். எட்டு மடங்கு பைனாகுலர் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அதைச் சொல்லாது.

இப்போது எடைக்கு வருவோம். ஸ்வரோவ்ஸ்கி ஏ.டி.எக்ஸ். 85 கிட்டத்தட்ட 1.9 கிலோ. கோவா நிறுவனத்தின் 55 மி.மீ. முகவில்லை கொண்ட டி.எஸ்.என். 553 சுமார் 800 கிராம். நிக்கானின் பழைய ஈ.டி. 50, கண்வில்லை இல்லாமல் 455 கிராம்தான். பெரியதற்கும் சிறியதற்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் போகிறது. வாலிப்பாறையிலிருந்தோ அரசரடியிலிருந்தோ ஏறுகிறவருக்கு ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் தண்ணீர். கோடை ஏப்ரலில் அந்தத் தண்ணீர்தான் முதலில் வேண்டும்.

இலகு ஸ்கோப்பின் பக்கம் இருக்கிற வலுவான வாதம் எடை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அதன் உண்மையான வலு ஒரு கணக்கில் இருக்கிறது. நல்ல கண், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 29 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். முப்பது மடங்கு பெரிதாக்கினால் அது ஒரு செ.மீ. ஆகிறது. 50 மி.மீ. முகவில்லையின் பிரித்தறியும் எல்லையும் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 1.1 செ.மீ. அதாவது முப்பது மடங்கில் சின்னக் குழாயும் மனிதக் கண்ணும் கைகோத்து நிற்கின்றன. கிடாயின் கொம்பு 40 செ.மீ. வரை வளரும், அதன் வளைவு இந்த அளவுக்குள் தாராளமாக அடங்கிவிடும். அறுபது மடங்குக்குப் போகும்போதுதான் 80 மி.மீ. குழாயின் அருமை தெரியும். அங்கே சின்னக் குழாய் உருவத்தைப் பெரிதாக்குமே தவிர, புதிதாக ஒரு விவரமும் தராது.

ஆனால் அந்த அறுபது மடங்கு இங்கே எத்தனை மணி நேரம் கைகொடுக்கிறது? காலை ஒன்பது தாண்டினால் புல்வெளியும் பாறையும் சூடேறிக் கானல் எழும். ஆட்டின் கால்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளியும். லட்சங்களில் விலை போகிற குழாயானாலும் அந்தக் காற்றைத் துளைக்காது. அப்போது எல்லோருமே ஜூமைத் திருப்பி இருபத்தைந்துக்கோ முப்பதுக்கோ இறக்கிவிடுவார்கள். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை; மேகமலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

வெளிச்சம்தான் இலகு ஸ்கோப்பின் முதல் குறை, மறைக்க முடியாத குறை. 80 மி.மீ. வில்லை 50 மி.மீ. வில்லையைவிட இரண்டரை மடங்கு ஒளி வாங்கும். இருபது மடங்கில் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டம் பெரியதில் 4 மி.மீ., சிறியதில் 2.5 மி.மீ. நடுப்பகலில் நம் கண்பாவையே இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. விடிகிற நேரத்திலும் பொழுது சாயும்போதும் பாவை விரிந்து காத்திருக்கும். சின்னக் குழாய் தருவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வரையாடு மேய்கிறதும் அந்த நேரங்களில்தான், வெயில் ஏறினால் பாறை நிழலில் படுத்துவிடும். கானல் இல்லாத நேரத்தில் வெளிச்சமில்லை, வெளிச்சம் உள்ள நேரத்தில் கானல். இலகு ஸ்கோப்பைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தை ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை மலிவுச் சரக்கில் மட்டும் வருவது. குழாயைக் குட்டையாக்கினால் ஒளி சட்டென்று மடங்கிக் குவிய வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இடத்தில் குவியும். இருண்ட உருவத்தின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசியும். நிறம் பிரிவதைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடியோ ஃப்ளோரைட் படிகமோ போட்டால்தான் இது அடங்கும். எனவே குட்டைக் குழாய்க்குத்தான் உயர்ந்த கண்ணாடி கட்டாயம். நீண்ட குழாயில் சுமாரான கண்ணாடியைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். எடையும் குறைய வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்று தேடுகிறவர் கடைசியில் காட்சியை விட்டுக்கொடுப்பதன் காரணம் இதுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை போதும். சின்னமனூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை. வெளுத்த வானத்தின் மேல் தெரிகிற ஒரு தென்னங்கீற்றை உச்ச ஜூமில் பார்க்க வேண்டும். ஃபோகஸ் திருகை மெல்ல முன்னும் பின்னும் திருப்பினால், நல்ல ஸ்கோப்பில் கீற்றின் ஈர்க்கு ஒரே ஒரு இடத்தில் பளிச்சென்று வந்து நிற்கும். கை தானாக நின்றுவிடும். சுமாரான ஸ்கோப்பில் "இதுதானா, இன்னும் கொஞ்சமா" என்று விரல் அலைந்துகொண்டே இருக்கும். ஈர்க்கின் ஒரு பக்கம் ஊதாக் கோடு படிந்தால் அதை அங்கேயே வைத்துவிடலாம். ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் அமைவதுண்டு. அதனால் பெட்டியிலுள்ள பெயரைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

இவ்வளவும் குழாயைப் பற்றியது. மலையில் காட்சியைக் கெடுப்பது பெரும்பாலும் குழாய் அல்ல, ட்ரைபாட். முப்பது மடங்கு உருவம் பெரிதானால் நடுக்கமும் முப்பது மடங்கு பெரிதாகும். ஆனி ஆடியில் கம்பம் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். அரைக் கிலோ ஸ்கோப்பை முக்கால் கிலோ ட்ரைபாடில் வைத்து அந்தக் காற்றில் நிறுத்தினால், ஃப்ளோரைட் படிகத்துக்குக் கொடுத்த காசு முழுவதும் காற்றோடு போகும். கனமான குழாய் தன் பாரத்தாலேயே கொஞ்சம் அசையாமல் நிற்கும். இலகுவானதற்கு அந்த அனுகூலமும் கிடையாது. ட்ரைபாடின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடலாம், கால்களை விரித்துத் தரையோடு தரையாக வைத்து உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் கண்வில்லை சாய்ந்திருக்கும் ஸ்கோப் நல்லது: கழுத்தை ஒடிக்காமல் மேலேயுள்ள பாறையைப் பார்க்க முடியும், உயரம் வேறுபட்ட நாலு பேரும் ட்ரைபாடை மாற்றாமலே எட்டிப் பார்க்க முடியும். நேர்க் குழாயில் பார்ப்பவருக்கு ட்ரைபாடைக் கண் உயரத்துக்கு நீட்ட வேண்டும். நீட்ட நீட்ட நடுக்கம்.

எடையைப் பற்றிப் பேசும்போது யார் முதுகில் என்பதையும் பேச வேண்டும். ஸ்கோப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தூக்குகிறவர் இன்னொருவர் என்பது காட்டு வேலையில் சகஜம். வேட்டைத் தடுப்புக் காவலர் அரிசி, பருப்பு, தார்ப்பாயோடு குழுவின் கருவியையும் சேர்த்துத் தூக்குவார். உச்சியில் அதன் வழியாக முதலில் பார்ப்பது அவராக இருக்காது. ஆடு எங்கே நிற்கிறது என்று வெறுங்கண்ணால் முதலில் சொல்வது மட்டும் பெரும்பாலும் அவர்தான். காட்சித் தரத்தில் ஒரு துளியும் விடக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் அந்தத் தரத்தைத் தாங்களே ஒரு நாள் சுமந்து பார்க்கலாம்.

ஆக, நடந்து ஏறும் குழுவுக்கு என் தேர்வு 55லிருந்து 65 மி.மீ. வரையுள்ள சாய்வுக் குழாய், நல்ல ஈ.டி. கண்ணாடி, முடிந்தால் ஜூமுக்குப் பதில் இருபத்தைந்து முப்பது மடங்கில் அகலமான பார்வை தரும் ஒற்றைக் கண்வில்லை. சரிவில் ஆட்டைத் தேடிப் பிடிக்க அகலம்தான் உதவும். 50 மி.மீ. தனியாகப் போகிறவருக்குச் சரி, பொழுது சாய்ந்தபின் அது உதவாது என்று தெரிந்து வாங்கினால். மிச்சமாகும் காசில் கார்பன் ஃபைபர் ட்ரைபாட் வாங்கலாம். அதிலும் மிக மெல்லியதை விட்டுவிட்டு ஒன்றரைக் கிலோ அளவுள்ளதாக. ஏற்கெனவே 85 மி.மீ. குழாய் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. ஹைவேவிஸிலும் மகாராஜமெட்டிலும் ஜீப் போய் நிற்கிற இடங்கள் உண்டு. விடியற்காலை வெளிச்சத்துக்கு அதை அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.