ஃபுளோரன்ஸ் கண்ட பிளேட்டோவும் நாம் அறிந்த அஃப்லாத்தூனும்

ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றி நம்மிடையே இரு கதைகள் வழங்குகின்றன. ஒன்று, பள்ளிப் பாடத்தின் வழியே வந்தது. 1453இல் உதுமானியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர். அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் ஏடுகளைச் சுமந்துகொண்டு இத்தாலிக்கு ஓடினர். பிளேட்டோவின் தத்துவம் அங்கே புத்துயிர் பெற்றது என்பது அக்கதை. அதில் முஸ்லிம்களுக்குரிய பங்கு, அறிவைத் துரத்திய பங்கு மட்டுமே. மற்றொன்று, நம் விழா மேடைகளில் கேட்பது. கிரேக்க ஞானம் முழுவதையும் காத்து ஐரோப்பாவிடம் ஒப்படைத்தவர்கள் முஸ்லிம்களே. பிளேட்டோவையும் அவர்கள் நம்மிடமிருந்தே பெற்றனர் என்பது. முன்னது நம்மைச் சிறுமைப்படுத்துகிறது, பின்னது பெருமைப்படுத்துகிறது. வரலாற்றுச் சான்றுகளின் முன் இரண்டுமே நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவது.

முதற்கதையை ஆண்டுகளே மறுத்துவிடுகின்றன. பைசாந்திய அறிஞர் கிரிசொலோராஸ் ஃபுளோரன்ஸில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397இல். கிழக்கு, மேற்குத் திருச்சபைகளை இணைக்கும் பொருட்டு 1439இல் அந்நகரில் கூடிய மாமன்றத்திற்கு வந்த பிளெத்தோன், பிளேட்டோவின் மேன்மையை அங்குள்ளோர்க்கு எடுத்துரைத்தார். இவையெல்லாம் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்வதற்கு முந்தியவை. அதே பிளெத்தோனின் ‘சட்டங்கள்’ என்னும் நூலைத் தீயிலிட்டவர் கிறித்தவப் பேராயர் கென்னாதியோஸ். அதில் எஞ்சிய பகுதிகளோ அரபியில் பெயர்க்கப்பட்டு, இஸ்தான்புல் தோப்கப்பி அரண்மனை நூலகத்தின் சுவடிகளிடையே இடம்பெற்றன. சுல்தான் இரண்டாம் முஹம்மது கிரேக்க நூல்களைத் தேடிச் சேர்த்தவர். இவரை அறிவைத் துரத்தியவர் எனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது கதையை மறுப்பது நமக்குச் சற்றே வலிக்கும். எனினும் மறுத்தேயாக வேண்டும். பிளேட்டோவின் உரையாடல்களுள் ஒன்றேனும் முழுமையான அரபி மொழிபெயர்ப்பாக இன்று நம் கைக்குக் கிடைக்கவில்லை. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் குழுவினர் அரபியாக்கியவற்றுள் சிறப்பானவை, மருத்துவ மேதை காலென் எழுதிய பிளேட்டோச் சுருக்கங்கள். இலத்தீன் உலகம் இடைக்காலத்தில் பெற்றிருந்த சில உரையாடல்களும் கிரேக்கத்திலிருந்து நேரே பெயர்க்கப்பட்டவையே. மார்சிலியோ ஃபிச்சீனோவும் (1433–1499) கிரேக்கச் சுவடிகளைக் கொண்டே பணியாற்றினார். கோசிமோ தெ மெதிச்சியின் ஆதரவில் அவர் செய்த பிளேட்டோவின் முழு இலத்தீன் பெயர்ப்பு 1484இல் அச்சேறியது. தொலேதோ நகரின் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக ஐரோப்பா பெற்றவை அரிஸ்டாட்டிலும் இப்னு சீனாவும் பிறருமே. பிளேட்டோவின் மூலநூல்கள் அவற்றுள் இல்லை.

அங்ஙனமாயின் முஸ்லிம் உலகம் அறிந்திருந்த அஃப்லாத்தூன் யார்? விந்தை இங்கேதான் உள்ளது. பிளேட்டோவின் வழிவந்த புளோட்டினஸின் ‘என்னியட்ஸ்’ நூலின் பகுதிகள் ஒன்பதாம் நூற்றாண்டில், ‘அரிஸ்டாட்டிலின் இறையியல்’ என்னும் தவறான பெயரில் அரபிக்கு வந்தன. இப்னு நாஇமா அல்ஹிம்ஸீ பெயர்த்ததை அல்கிந்தீ செப்பம் செய்தார். உடலை உதறிவிட்டு ஒளியுலகைத் தாம் கண்டதாகப் புளோட்டினஸ் கூறும் பகுதியும் அதில் உண்டு. 1191இல் கொல்லப்பட்ட ஞானி சுஹ்ரவர்தீ அவ்வனுபவத்தைப் பிளேட்டோவுக்கே உரியதாக்கி, அவரை மெய்ஞ்ஞானத்தின் தலைவராகப் போற்றினார். ஆக, நாம் அறிந்த அஃப்லாத்தூன் உரையாடல்களை எழுதிய ஏதென்ஸ் நகரத்தவர் என்பதைவிட, ஒளியைக் கண்ட ஓர் ஆரிஃப் என்பதே உண்மை. ஃபிச்சீனோவும் பிளேட்டோவைப் புளோட்டினஸின் கண்கொண்டே படித்தார். 1492இல் புளோட்டினஸையும் இலத்தீனில் வெளியிட்டார். இரு உலகங்களும் வெவ்வேறு வாயில்களின் வழியே ஒரே மண்டபத்துள் நுழைந்தன என்பதே பொருத்தம்.

எனவே நம் கொடை மூலநூல்களில் இல்லை. வாசிக்கும் முறையில் இருக்கிறது. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் முரண்பட்டவர் அல்லர் என்று காட்ட, அல்ஃபாராபியின் பெயரால் ஒரு நூல் வழங்குகிறது. சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு இவ்வேட்கை புதிதன்று. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வாதிட்ட இருவருக்கு இருவரையும் ஓருருவாகக் காட்டிய தொன்மத்தின்மீதே நம் ஊரின் பெயர் நிற்கிறது. சமயம் வேறு, தத்துவம் வேறு எனினும், பிணக்கைத் தீர்த்து ஒருமை காணும் மனித வேட்கை ஒன்றே. ஃபிச்சீனோவின் தோழர் பீக்கோ தெல்லா மிராந்தோலாவும் அதே இரு ஞானியரையும் இணக்கப்படுத்த முனைந்தார்.

முஸ்லிம் அறிஞர்கள் ஃபுளோரன்ஸில் இருந்தமைக்கு வேறு சான்றுகளும் உண்டு. ஃபிச்சீனோவின் ‘பிளேட்டோனிய இறையியல்’ 1482இல் வெளிவந்தது. மனிதர் அனைவர்க்கும் அறிவு ஒன்றே என்னும் இப்னு ருஷ்தின் கொள்கையை மறுக்கவே அதன் பதினைந்தாம் நூற்பிரிவு எழுந்தது. மறுப்பதற்கு ஒரு பிரிவையே ஒதுக்க வேண்டியிருந்தது என்றால், எதிராளி அங்கு எத்துணை வேரூன்றியிருந்தார் என்பது விளங்கும். அந்த இப்னு ருஷ்த், பிளேட்டோவின் ‘குடியரசு’க்கும் விளக்கம் எழுதியவர். பெண்களைப் பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரியவராக்கியது தம் நகரங்களின் வறுமைக்கு ஒரு காரணம் என்று அதில் அவர் குறித்தார். அதன் அரபி மூலம் அழிந்தது. ஹீப்ரு பெயர்ப்பு பிழைத்தது. அதிலிருந்து எலியா தெல் மெதிகோ 1491இல் இலத்தீனாக்கினார். நாம் தொலைத்ததை யூத அறிஞர்கள் காத்தனர் என்பதையும் நன்றியோடு குறிப்பது நம் கடமை.

பீக்கோவிடம் வருவோம். 1486இல் அவர் எழுதி, போப்பாண்டவரின் தடையால் நிகழ்த்தப்படாமலே போன உரை, மறுமலர்ச்சியின் சாசனம் எனப் போற்றப்படுவது. அரபியரின் ஏடுகளில் தாம் படித்ததாகக் கூறி, மனிதனே உலகின் பெரும் விந்தை என்ற கருத்தை ‘சராசென் அப்தல்லா’வின் வாய்மொழியாக அவர் தொடக்கத்திலேயே வைக்கிறார். அந்த அப்தல்லா யார் என்பது இன்றும் விவாதப் பொருளே. ஆயினும் அவ்வுரை எம்மை நிறுத்துவது வேறிடத்தில். பீக்கோவின் மனிதன் தனக்கென நிலையான இடமின்றி, எவ்வுருவையும் தானே தேர்ந்துகொள்பவன். குர்ஆனின் 33:72 காட்டும் மனிதனோ, வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை ஏற்றவன். இருவரும் உயர்ந்தவரே. எனினும் ஒருவனின் உயர்வு அவன் விருப்பத்தில். மற்றவனின் உயர்வு அவன் ஏற்ற பொறுப்பில். இவ்வேறுபாட்டைக் காணாமல் ‘பீக்கோ நம்மிடமிருந்து எடுத்தார்’ என்று மகிழ்வது வாசிப்பு ஆகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இவ்விழிப்பையே நமக்குக் கற்பித்தார். தத்துவவாதிகளின் தர்க்கத்தையும் கணிதத்தையும் அவர் தள்ளவில்லை. உலகம் அநாதி என்பது, இறைவன் தனித்தனிப் பொருள்களை அறியான் என்பது, உடல் உயிர்த்தெழாது என்பது ஆகிய மூன்றையே அவர் குஃப்ர் எனத் தீர்த்தார். உடலைச் சிறையெனக் கருதும் பிளேட்டோனிய மரபை வாசிக்கையில் மூன்றாவதை நாம் மறத்தலாகாது.

நம் ஊருக்கு அண்மையிலுள்ள தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா (ரஹ்), மெய்ஞ்ஞானத்தைத் தமிழில் பாடியவர். அவர் பிளேட்டோவைப் படித்தார் என்று யாரேனும் எழுதினால் அதுவும் இரண்டாவது கதையின் மறுபதிப்பே ஆகும். புளோட்டினஸின் சொற்கள் அரபியில் உருமாறி, சூஃபிகளின் சிந்தனையிற் கலந்து, வஹ்யின் உரைகல்லில் தேய்ந்து, பின்னரே தமிழ் நிலத்தை அடைந்தன. அந்நெடும் பயணத்தின் ஒவ்வொரு படியையும் சுவடி சுவடியாக ஆராய்வதே நம் பல்கலைக்கழகங்களும் மதரஸாக்களும் ஏற்கவேண்டிய பணி. இல்லாத கடனைக் கேட்பவனுக்கு, உள்ள கடனும் மறுக்கப்படும். மேடையில் கேட்ட பெருமை பொய்யென ஒரு மாணவன் நூலகத்தில் கண்டுகொண்டால், இப்னு ருஷ்தைப் பற்றிய மெய்யையும் அவன் நம்பமாட்டான். அவன் பொருட்டேனும் நம் கணக்கைச் செம்மையாக எழுதுவோம்.