டிட்ஃபீல்டின் வில்லன்கள்

1953-ல் வெளிவந்த 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' என்ற ஆங்கிலப் படத்தில், மூடப்படவிருந்த கிளை ரயிலை ஊர்க்காரர்களே ஓட்டுகிறார்கள். பாதிரியார் எஞ்சின் டிரைவர்! பணம் போடும் பெரிய மனிதருக்கோ, ஓடும் ரயிலில் காலையிலேயே மது அருந்தலாமே என்ற சபலம். நல்ல ஹாஸ்யந்தான். ஆனால் பஸ் முதலாளிகளை வில்லன்களாக்கியது எனக்கு ரசிக்கவில்லை. வில்லன் தோற்றால் படம் முடிந்துவிடும். ரயிலுக்கு மறுநாளும் நிலக்கரி வேண்டுமே!

இந்தக் கதைக்கு வித்தான வேல்ஸ் நாட்டு டாலிலின் ரயிலுக்கு அப்படியொரு சத்துரு இல்லை. சிலேட்டுச் சுரங்கம் மூடியபின்னும் நஷ்டத்தில் அதை ஓட்டிவந்த ஹேடன் ஜோன்ஸ் 1950-ல் காலமானார். 1951-ல் தொண்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய மானேஜராக இருந்த ரோல்ட் எழுதிய 'ரெயில்வே அட்வென்ச்சர்' புத்தகத்தில் வில்லன் யார் தெரியுமா? மக்கிப்போன சிலீப்பர் கட்டைதான். அது தோற்பதே இல்லை. ஒன்றை மாற்றினால் அடுத்தது காத்திருக்கும். படத்தில் அந்தக் கட்டைக்கு ஒரு காட்சியாவது கொடுத்திருக்கலாம்.