பி.எஃப். பணமும் மணமான மகளும்

பொம்மையார்பாளையத்தில் வீடு, புதுச்சேரி கம்பெனியில் வேலை. கணவரை இழந்த ஒரு தாய் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். கணக்கில் நாமினி பதியவில்லை. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, மருமகன் இருக்கிறார். மகனுக்கு வயது 26. கடைசிப் பெண்ணுக்கு இன்னும் மணமாகவில்லை. பிள்ளைகள் முதலில் கேட்பது, "வரி பிடிப்பாங்களா?"

பிடிக்க மாட்டார்கள். 5 ஆண்டு தொடர் பணி முடிந்திருந்தால் பி.எஃப். தொகைக்கு வருமான வரி இல்லை. அதற்குள் வேலை முடிந்தாலும், காரணம் ஊழியரின் கையை மீறியது என்றால் விலக்கு உண்டு. மரணத்தைவிடக் கையை மீறியது எது? பரம்பரைச் சொத்துக்கான எஸ்டேட் டூட்டியும் 1985இலேயே ஒழிந்தது. மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் மட்டும், ஒரு கழிவு போக, வாங்குபவரின் வருமானத்தில் சேரும். அமெரிக்காவில் 2020 முதல், பெற்றோரின் ஓய்வுக்காலக் கணக்கைப் பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 10 ஆண்டுக்குள் அதை எடுத்து முடிக்க வேண்டும். வழக்கமான கணக்குகளில் எடுப்பதற்கெல்லாம் வரியும் கட்ட வேண்டும். அந்தச் சுமை நமக்கு இல்லை. இந்த அளவில் நம் வரிச் சட்டம் நியாயமானது.

அநியாயம் இருப்பது பி.எஃப். திட்டத்தின் 70ஆம் பத்தியில். நாமினி இல்லையென்றால் பணம் குடும்பத்தாருக்குச் சமமாகப் பிரியும். ஆனால் வேறு தகுதியுள்ளவர் ஒருவராவது இருந்தால், வயதுவந்த மகனுக்கும், கணவர் உயிரோடிருக்கும் மகளுக்கும் பங்கு கிடையாது. வானூர் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மூன்று பிள்ளைகளின் பெயரும் இருக்கும். அதை 20ஆம் எண் படிவத்தோடு கொடுத்தால், முழுத் தொகையும் கடைசிப் பெண்ணுக்கே போகும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமோ மூவரையும் சமமாகவே பார்க்கிறது.

இந்த விதிக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். திட்டம் பிறந்தது 1952இல். சம்பாதிக்கும் மகனையும் புகுந்த வீட்டுப் பெண்ணையும் விட, அண்டி நிற்பவருக்குப் பணம் சீக்கிரம் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் 26 வயது மகனுக்கு வேலை இருக்கிறதா, மூத்த மகளின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று விதி கேட்பதே இல்லை. வயதையும் தாலியையும் பார்த்துத் தள்ளிவிடுகிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் அந்த மூத்தவளாகவே இருந்தாலும் இதே கதிதான்.

பி.எஃப். சட்டத்தில் காக்க வேண்டியதும் உண்டு. நாமினிக்குச் சேரும் பி.எஃப். பணத்தை இறந்தவரின் கடனுக்காக யாரும் பிடிக்க முடியாது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு இது பெரிய அரண்.

ஆகவே கடன்காரரிடமிருந்து காக்கும் பிரிவு இருக்கட்டும். மகனையும் மணமான மகளையும் விலக்கும் விதி நீக்கப்பட வேண்டும். அதுவரை வழி நாமினேஷன் ஒன்றுதான். மணமான மகளையும் வயதுவந்த மகனையும் நாமினியாகப் போட விதி இடம் தருகிறது. உடன்பிறந்தவர்கள் மட்டும் திட்டத்தின் குடும்ப வரையறைக்குள் வரமாட்டார்கள். குடும்பம் இல்லாதபோது அக்காவின் பெயரைப் போட்டவர், கல்யாணமானதும் அந்த நாமினேஷன் செல்லாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உங்கள் பி.எஃப். யுஏஎன் கணக்கைத் திறந்து, அதில் இருக்கும் பெயர்களை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.