வானொலி வகுத்த எல்லை: செவ்வியல் இசையும் பல்சுவை நிகழ்ச்சியும்

இந்திய வானொலியின் இசை வரலாற்றை எழுதுவோர் பலரும் 1952ஆம் ஆண்டையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றனர். அவ்வாண்டில் செய்தி ஒலிபரப்புத் துறை பி.வி.கேஸ்கரின் பொறுப்பில் வந்தது. தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. திரைப்பாடல்களுக்குரிய நேரம் சுருங்கியது. நேயர்கள் இலங்கை வானொலியின் பினாகா கீத் மாலாவை நாடினர். 1957இல் விவித பாரதி பிறந்தது. செவ்வியல் இசையும் மகிழ்விப்பும் முன்னரே இருவேறு உலகங்களாக இருந்தன என்னும் எண்ணம் இவ்வரலாற்றின் அடியில் உள்ளது. அப்பிரிவினையைக் கூர்மையாக்கியதில் வானொலி நிருவாகத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு.

1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய தனியார் நிறுவனம், ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. உரிமம் பெற்றோர் சில ஆயிரவரே. ஐரோப்பியர், இந்தியர் ஆகிய இரு சாராரையும் நிறைவு செய்ய வேண்டிய கட்டாயத்தால் இராகம், நாடகம், உரை, மேலை நடன இசை ஆகியன ஒரே நிலையத்தில் அடுத்தடுத்து ஒலித்தன. வித்துவானின் விருப்பப்படி நீளும் கச்சேரி கடிகாரத்திற்கு அடங்கியதும் இங்கேதான். எனினும், ஏறத்தாழ மூன்று நிமிட இசைத்தட்டை நோக்க, வானொலி தாராளமாகவே நடந்துகொண்டது எனலாம். 1930இல் அந்நிறுவனம் நொடித்துப்போக, அரசு பொறுப்பேற்றது.

‘தூய்மைப்படுத்தல்’ முயற்சியைக் கேஸ்கர் ஒருவர்மேல் ஏற்றுவது பொருந்தாது. ஆர்மோனியத்திற்கு 1940இலேயே, பிரித்தானியரான லயனல் ஃபீல்டன் தலைமையின் கீழ், தடை விதிக்கப்பட்டது. சுருதி நுட்பங்களை அது சிதைக்கிறது என்பது காரணம். 1971 வரை அத்தடை தளரவில்லை. தாகூரும் அக்கருவியை விரும்பாதவரே. காலனிய அலுவலரும் தேசியவாதிகளும் ஒன்றுபட்ட அரிய இடம் இது.

இதனினும் ஆழமான விலக்கு பாடுவோரைத் தாக்கியது. வடஇந்திய நிலையங்களின் தொடக்ககால நிகழ்ச்சிகளைத் தாங்கியவர்களுள் தவாயிஃப் மரபுப் பாடகியர் முதன்மையானோர். வல்லபாய் பட்டேல் அத்துறையைக் கவனித்த காலத்தில், தனிவாழ்வு பழிக்குரியது எனக் கருதப்பட்டோர்க்கு நிலையக் கதவு அடைக்கப்பட்டது. 1952க்குப் பின் குரல் தேர்வும் தரவரிசையும் வந்தன. தும்ரி ‘மெல்லிய செவ்வியல்’ என்னும் இடைநிலைக்குள் அமர்த்தப்பட்டது. இவ்வகைப்பெயரை இசையிலக்கணச் சொல்லாக மட்டும் கொள்ளும் ஆய்வுகள், அதனுள் மறைந்துள்ள பெண்களைக் காணத் தவறுகின்றன.

இவ்வகைப்பாட்டிற்கு அடங்காத சான்று கல்கத்தாவில் உண்டு. 1930களின் தொடக்கத்தில் உருவான ‘மகிஷாசுரமர்த்தினி’, மகாளய விடியலில் ஒலிபரப்பாவது. பாணிகுமாரின் எழுத்து, பங்கஜ் மல்லிக்கின் இசை, வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் உரைப்பு ஆகியவற்றால் அமைந்த அதில் வடமொழிச் சுலோகமும் வங்கப் பாடலும் இராகமும் நாடகக் குரலும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. அதனைச் சமய நிகழ்ச்சி எனத் தனியே ஒதுக்குவது எளிது. ஆயின் அதன் வடிவம் தொடக்ககால வானொலியின் பல்சுவை நிகழ்ச்சியிலிருந்து கிளைத்தது என்றே கருத இடமுண்டு. 1976இல் நிலையத்தார் அதனை நீக்கி, திரைநடிகர் உத்தம் குமார் பங்கேற்ற வேறொன்றை ஒலிபரப்பினர். நேயர்களின் கடும் எதிர்ப்பால் பழைய நிகழ்ச்சியே திரும்பியது.