வைரியின் தொண்டைக் கோடு

இறகின் நிறத்தையும் வரிகளையும் கொண்டு பறவையைக் களத்திலேயே இனங்காணும் முறைக்குச் செம்மையான வடிவம் தந்தது, ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட களக்கையேடு. ஒவ்வொரு பறவைக்கும் தனித்த குறிகள் சிலவற்றைத் தேர்ந்து, படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டினார் அவர். சரிபார்க்க இடம் தருவது இம்முறையின் பெருஞ்சிறப்பு. ஒருவர் கண்டதாகச் சொல்லும் குறியை இன்னொருவர் தேடிப் பார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் குறி மாறாதது என்ற நம்பிக்கையையும் அது கூடவே வளர்த்துவிட்டது. வேட்டைப்பறவைகளிடம் அந்த நம்பிக்கை நிற்பதில்லை.

வைரியை எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த ஆணுக்குச் சாம்பல் முதுகு, சிவந்த கண், மார்பில் நெருக்கமான செம்பழுப்புக் குறுக்குவரிகள், தொண்டை நடுவே மெல்லிய மங்கலான கோடு. வைரியை ஒத்த, காட்டில் வாழும் பெஸ்ரா என்ற வேட்டைப்பறவைக்கு அதே கோடு கறுத்துத் தடித்திருக்கும். மார்பில் நெடுங்கோடுகள், வயிற்றில் பட்டைகள். முதிர்ந்த பறவைகளை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் இந்த வேறுபாடு போதும். இளம் வைரியோ பழுப்பு முதுகும் கோடுகளும் புள்ளிகளும் நிறைந்த மார்புமாக இருக்கிறது. அதன் தொண்டைக் கோடும் முதிர்ந்த வைரியினதைவிட அழுத்தமாகத் தெரிகிறது. பிரித்துக் காட்ட வேண்டிய குறியே மற்ற இனத்தின் பக்கம் சாய்கிறது. ஆகவே, தொண்டைக் கோடு தடித்திருந்தது என்ற ஒரே சான்றோடு வரும் பெஸ்ரா பதிவை ஏற்பதற்கில்லை. வாலின் கரும்பட்டைகள் எவ்வளவு அகலம், பறவையின் பருவம் என்ன என்ற இரண்டுக்கும் விடை வேண்டும்.

தேன்பருந்திடம் இம்முறை இன்னும் தளர்கிறது. வெளிர்நிறம் முதல் கரும்பழுப்பு வரை அதன் உடல்நிறம் பறவைக்குப் பறவை மாறும். சிறுத்த தலை, நீண்டு தெரியும் கழுத்து, வட்டமிடும்போது தட்டையாக விரிந்த சிறகுகள் என வடிவமே அதை இனங்காட்டுகிறது. ஆனாலும் இறகு அங்கே பயனற்றுப் போகவில்லை; முதிர்ந்த ஆணை அதன் வாலில் உள்ள அகன்ற கரும்பட்டைகள் காட்டிக்கொடுக்கும்.

வடிவத்தையும் பறக்கும் பாங்கையும் முன்னிறுத்தி டன், சிப்லி, சட்டன் மூவரும் 1988இல் எழுதிய 'ஹாக்ஸ் இன் ஃப்ளைட்' என்ற நூல் பீட்டர்சன் விட்ட இடைவெளியை நேர்மையாக நிரப்பியது. நிறமே தெரியாத தொலைவிலும் அது கைகொடுக்கிறது. எனினும் பழகிய கண் உணர்வதைக் குறிப்பேட்டில் எழுதிப் பிறர் சோதனைக்கு வைப்பது கடினம். பாங்கை மட்டும் நம்புவோர் தங்கள் முடிவை மேல்முறையீட்டுக்கு அப்பாற்பட்டதாக்கிவிடுகிறார்கள். பாங்கும் ஏமாற்றக்கூடியதே. அக்காக்குயில் இறகில் மட்டுமன்றிப் பறப்பிலும், கிளையில் வந்தமரும் விதத்திலும் வைரியை ஒத்திருக்கிறது. அங்கே ஐயத்தைத் தீர்ப்பது கொக்கியாக வளையாத அதன் அலகு.

எனவே என் முடிவு பீட்டர்சன் முறையைத் தள்ளுவதன்று, அதன் வரிசையைத் திருத்துவது. முதலில் வடிவம், அடுத்துப் பருவமும் பாலும், அதன்பின்பே இறகுக் குறி. ஒளிப்படம் எளிதாகிவிட்ட இன்று, இறகுதிர்ப்பையும் இறகின் தேய்மானத்தையும் படத்தில் நிதானமாகப் படிக்க முடிகிறது. பீட்டர்சன் காலத்தைவிட இப்போதுதான் இறகுச் சான்று வலுவாக நிற்கிறது. இளம்பறவையின் படத்தை முதிர்ந்த பறவையின் படத்துக்கு ஈடான அளவில் அச்சிடாத கையேட்டை, ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேட்டைப்பறவைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.